திருப்பிச் சொன்னால்தான் சாவி

“பின் கதவு ரெண்டு தடவை அழுத்தினாத்தான் மூடுது. மருந்து விட்டியா?”

“எந்தக் கதவு, நடுவுலயா, கடைசியா?”

“கடைசி. காதுக்கு மருந்து விட்டியான்னு கேட்டேன்.”

“நீ சொல்லலையே. வைப்பர் இன்னிக்கும் இழுக்குதா, இல்ல—”

“நான் சொல்லணுமா? டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல நின்ன!”

“நின்னேன். நீ கேட்டுக்கிட்டு இருந்தியே, அதான்—”

“நான் கேட்டா உன் காது லீவு போட்டுடுமா?”

“கத்தாத. வண்டியில ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டுமே. அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு, அந்தப் பிள்ளைங்களுக்கும் காது இருக்கு!”

வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. இறங்க வேண்டியவள் இறங்காமல் முன்படியில் நின்றாள். ஏற வேண்டியவன் ஏறாமல் நடைபாதையில் நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்களுடைய நாலு வயது மகள். அந்த நிற்பைப் பார்த்துத்தான் டிப்போவில் அவளுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு மட்டும் மேனேஜரின் ஒரு கை பின்னால் இல்லை. இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் கணவன் மனைவி. இருவரும் பஸ் ஓட்டுநர்கள். ஒரே டிப்போ, ஒரே தடம், ஒரே வண்டி. காலை ஷிப்ட் அவளுக்கு, மதிய ஷிப்ட் அவனுக்கு. வண்டி கைமாறுகிற நிறுத்தம் அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு நேர் எதிரே. அவன் மகளைக் கூட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவான். அவள் வண்டியோடு வந்து சேருவாள். சாவி அவன் கைக்கு, பிள்ளை அவள் கைக்கு.

அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர் வண்டியின் நிறைகுறை அத்தனையையும் வாயால் சொல்ல வேண்டும். ஏறுகிறவர் ஒன்று விடாமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் சாவி. தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதெல்லாம் அப்புறம்தான். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடலாம், கேட்காமல் திருப்பிச் சொல்ல முடியுமா? வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் அந்த வித்தியாசம் தெரிந்தவன்.

வண்டியை ஒப்படைக்கும்போது இருவரும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். சீருடைக்குக் கொடுக்கிற மரியாதை. ‘நீ, வா, போ’ எப்போது வருகிறதோ அப்போதே, இன்றைக்கு வண்டி சீக்கிரம் நகராது என்று அன்றாடம் வருகிற பயணிகளுக்குப் புரிந்துவிடும். முன் இருக்கையில் எப்போதும் உட்காருகிற குடைக்காரர் இப்போது குடையைக் காலுக்கு நடுவில் ஊன்றி, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டார். நீண்ட நேரத்துக்கான ஏற்பாடு அது.

“சரி, இப்பப் போய் விட்டுடு. என்ன குடி முழுகிடுச்சு?” என்றான் அவன்.

“விடறேன். நான்தான் விடணும். திங்கட்கிழமைக்கு அப்புறம் யார் விடுவா?”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. சண்டையின் நடுவில் மனிதனுக்கு அப்படி ஒரு மலர்ச்சி.

“அப்ப, ரெட்டை வண்டிக்குப் பேர் கொடுத்துட்டியா?”

ரெட்டை வண்டி என்பது நடுவில் மடிகிற நீள பஸ். அந்த டிப்போவுக்கு அது முதல் முறையாக வரப்போகிறது. அதை ஓட்டப் பழக ஒரே ஒருவரைத் தலைமை டிப்போவுக்கு அனுப்புவார்கள். அது வேறு ஊர், திங்கட்கிழமை போய் அங்கேயே தங்க வேண்டும். அத்தனை ஓட்டுநர்களில் முதலில் கேட்டது இவளைத்தான். ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இவள் ஆசைப்பட்ட வண்டி அது.

“கொடுக்கல. பதில் சொல்லணும்.”

“சொல்லிட வேண்டியதுதானே! நான் வேணாம்னேனா? டிப்போ பூரா நான்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன், என் வீட்டுக்காரி ரெட்டை வண்டி ஓட்டப் போறான்னு.”

“திரியற. இவளை யார் பார்த்துப்பா?”

“இது என்ன கேள்வி? நான்தான். போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதி மட்டும் வச்சிட்டுப் போ. என்ன கொடுக்கணும், எப்பக் கொடுக்கணும், நான் வண்டிக்கு வர்றப்ப யார்கிட்ட விடணும், எல்லாம் பேசி முடிச்சு எழுதி ஒட்டிடு. அப்படியே பண்ணிடறேன். நான் எவ்வளவு உதவி பண்றவன்னு உனக்கே தெரியும்.”

“உதவியா?”

“ஆமா, உதவிதான். காலையில நீ போனதுல இருந்து மதியம் வரைக்கும் யார் கூட இருக்கா இவ? நம்ம டிப்போவுல எத்தனை ஆம்பளைங்க இப்படி—”

“உன்னை நான் கிளீனரா வேலைக்கு வச்சிருக்கேனா, உதவி பண்றதுக்கு? நீயும் டிரைவர்தானய்யா!”

“இப்ப என்ன தப்பாச் சொல்லிட்டேன்?”

“எழுத மாட்டேன்.”

“எழுதாம எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு யார் எழுதிக் கொடுத்தாங்க?”

குடைக்காரர் தாடையை எடுத்தார். “டிரைவரம்மா, உதவியோ உபத்திரவமோ, வண்டியை எடுத்தா எனக்கு அது பெரிய உபகாரம்.”

பின்னாலிருந்து பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அக்கா சொன்னாள்: “நீங்க சும்மா இருங்க சார். அவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு.”

“நியாயம் இருக்கும்மா. எனக்கு நேரம் இல்ல.”

அவள் மற்றதையும் சொன்னாள். வைப்பர் இன்றைக்கு இழுக்காமல் ஓடுகிறது, பிரேக் சரி, வலதுபக்கக் கண்ணாடி தளர்ந்திருக்கிறது, நடுவரிசையில் ஒரு மணிப் பொத்தான் அடிக்கவில்லை. அவன் கடைசிக் கதவில் தொடங்கி ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னான். அதில் அவன் கெட்டி. சாவி கைமாறியது. வண்டி போனது.

“அம்மா,” என்றாள் மேனேஜர், “காது குத்துது.”

*

மாடிக்குப் போனதும் முதல் வேலையாக மருந்து விட்டாள். மகள் ஊரைக் கூட்டினாள். அப்புறம் தட்டில் ரொட்டித் துண்டும் காரட்டும் வைத்தாள். மேனேஜர் தட்டைத் தள்ளினாள்.

“நேத்தும் இப்படித்தான் பண்ணின. என்ன பிடிவாதம் இது?”

“வேணாம்.”

“அப்பாகிட்ட மட்டும் சாப்பிட்டியா?”

“அப்பா, வேணாம்னா சரின்னு சொல்லுவார்.”

“சொல்லுவார், சொல்லுவார். அவருக்கென்ன, என்கிட்டதானே கைமாத்தி விடறார்.”

ஒரு கவளத்தை மிரட்டி ஊட்டினாள். மகள் கண்ணில் நீரோடு அதை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிடிவாதக்காரி, அப்படியே அப்பன், என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டை எடுத்துக் கழுவினாள்.

தொலைபேசி அடித்தது. டிப்போ மேலாளர். அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். அவர் பேசும்போது தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு கை தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்படியும் குட்டி மேனேஜர் வரைக்கும் கேட்கும்.

“என்னம்மா! ரெட்டை வண்டிக்கு ஆள் நீதானே? நாளன்னைக்குப் பேரை அனுப்பணும்!”

“சொல்றேன் சார்.”

“இன்னும் என்ன சொல்றேன்? நீ இல்லேன்னா அடுத்தது மீசைதான்!”

“மீசையா? அவர் ஒத்தை வண்டியையே முட்டி ரெட்டை ஆக்கிடுவாரே சார்.”

“தெரிஞ்சுதானே உன்கிட்ட கெஞ்சறேன்!” என்று முழங்கிவிட்டு வைத்தார்.

சாயங்காலம் ஆனதும், தினமும் செய்கிறபடி மறுநாள் காலைக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைத்தாள். சட்டை, அதன் மேல் பாவாடை. காலணிக்குள் காலுறை. டப்பாவில் நறுக்கிய பழம். தண்ணீர் புட்டி, சீப்பு, தலைக்கு ரிப்பன். மேசையில் வரிசையாக, எது முதலில் வேண்டுமோ அது முன்னால். அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் சரியான சாமான் தட்டுப்படும். கடைசியாகக் காது மருந்துப் புட்டியை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அந்த வரிசையைப் பார்த்தபடி நின்றாள்.

நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பும் வந்தது.

*

மறுநாள் மதியம் அவன் வழக்கம்போல் நடைபாதையில் நின்றான். மேனேஜர் தலையில் ரிப்பன் ஒழுங்காக இருந்தது.

“எப்படி இருக்கா?” என்றாள் அவள், இருக்கையிலிருந்து எழுந்துகொண்டே.

“நல்லா இருக்கா. சாப்பிட்டா. மருந்து விட்டேன்,” என்றான். மருந்து என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான். “சொல்லுங்க. வண்டி?”

“நல்லா இருக்கு. ஓடுது.”

அவன் காத்திருந்தான். அவள் சாவியை நீட்டினாள்.

“மேல சொல்லுங்க.”

“அவ்வளவுதான். ஓடுது.”

“பிரேக்?”

“நீங்க கேட்டா சொல்றேன். பிரேக் சரி.”

“கண்ணாடி?”

“தளர்ந்துதான் இருக்கு.”

“கதவு?”

“அப்படியேதான்.”

“வேற?”

“வேற என்னன்னு கேட்டா எப்படி? என்ன கேக்கணும்னு நீங்கதான் யோசிக்கணும்.”

அவன் சாவியை வாங்கவில்லை. “என்ன விளையாட்டு இது? உள்ளே இத்தனை பேர் இருக்காங்க. நான் கேக்காம விட்டது ஏதாவது இருந்தா? நடுவழியில போய்க் கண்டுபிடிக்கணுமா? எவனாவது இப்படி வண்டியை ஒப்படைப்பானா?”

“நீங்க தினமும் இப்படித்தானே ஒப்படைக்கறீங்க?”

“நானா? நான் எப்ப—” என்று தொடங்கியவன், கீழே நின்ற மேனேஜரைப் பார்த்தான். அவளும் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

குடைக்காரர் இருக்கை விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தார்.

அவன் வாயடைத்துப் போகிறவன் இல்லை. கொஞ்சம் தடுமாறினான், அவ்வளவுதான்.

“சரி,” என்றான். “நீ சொன்னது சரி. நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“நீ இறங்கினதே இல்ல.”

“என்ன?”

“காலையில நீ போறப்ப என்கிட்ட இவளை விட்டுட்டுப் போறதா நினைக்கற. மேசையைப் பார்த்தாத் தெரியும். சட்டை இந்தப் பக்கம், டப்பா அந்தப் பக்கம், பழம்கூட நீ நறுக்கினது. ஒரு தடவை நான் வேற சட்டை போட்டுவிட்டேன். வந்ததும் வராததுமா, ‘இதை எங்கேருந்து பிடிச்ச’ன்னு கேட்டு இந்த நடைபாதையிலேயே மாத்தினியா இல்லையா?”

“அது சின்னதாப் போன சட்டை.”

“சின்னதாப் போனதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அலமாரியை நீதானே திறக்கற. சீட்ல நான் உட்கார்ந்திருக்கேன், பின்னாலிருந்து கையை நீட்டி ஸ்டீயரிங்கை நீ பிடிச்சிருக்க. அப்படி ஓட்டறவன் ரோட்டைப் பார்ப்பானா? தூங்கத்தான் தூங்குவான். நான் தூங்கிட்டேன், ஒத்துக்கறேன். நீ இறங்கு.”

அவளிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். இதற்கும் இருந்தது. ஆனால் சொல்லிப் பார்த்தால் அது அவ்வளவு நன்றாக இருக்காது என்று தோன்றியதால் விழுங்கிக்கொண்டாள்.

“சாயங்காலம் எதையும் எடுத்து வைக்க மாட்டேன்,” என்றாள்.

“வைக்காத.”

“ஒண்ணையும் சொல்லவும் மாட்டேன்.”

“சொல்லாத. நானும் கேக்க மாட்டேன்.”

“காலையில இவ கத்தினா?”

“கத்தட்டும். நான் இருக்கேன்ல?”

பல் ஆஸ்பத்திரி அக்கா குடைக்காரர் பக்கம் குனிந்து, “ரெண்டு பேருமே நல்லாத்தான் ஓட்டறாங்க,” என்று மெல்லச் சொன்னாள்.

“எங்கேம்மா ஓட்டறாங்க? நின்னுக்கிட்டு இல்ல இருக்கு,” என்றார் அவர்.

அதன் பிறகு அவள் வண்டியை முறைப்படி ஒப்படைத்தாள். கதவு, கண்ணாடி, மணிப் பொத்தான், அப்புறம் இன்று புதிதாக ஒன்று: இறக்கத்தில் இடது முன்சக்கரம் பக்கம் லேசாக ஒரு முனகல், நாலைந்து தடவைதான் கேட்டது, பணிமனையில் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் பார்ப்பார்கள், அதுவரை இறக்கத்தில் மெதுவாகப் போங்கள். அதைச் சொல்லாமல் அவள் சாவியை விட்டிருக்கவே மாட்டாள். அது அவனுக்கும் தெரியும். திருப்பிச் சொல்லும்போது அந்த முனகலை இரண்டு தடவை சொன்னான்.

*

சொல்வது எளிது. அன்று சாயங்காலம் அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அலமாரிப் பக்கம் போனது; இழுத்துக்கொண்டாள். பழத்தை எடுத்து நறுக்கப் போனாள். அப்படியே கடித்துத் தானே தின்றாள். காலுறை ஒன்று சோபாவுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. ஜோடி எங்கே என்று தேடாமல், அதையும் பார்க்காததுபோல் கடந்து போனாள். அது ஒரு பெரிய காரியம்.

“அம்மா, என் சட்டை?” என்றாள் மேனேஜர், வெறும் மேசையைப் பார்த்து.

“நாளைக்கு அப்பாகிட்ட கேளு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுக்குவார்.”

மேனேஜர் கொஞ்சம் யோசித்தாள். “சரி, நான் அவருக்குச் சொல்லித் தரேன்,” என்று ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் அவள் ஹாரனின் அறைக்குப் போனாள். அவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அந்த ஊதல்கூட வாசல்வரை கேட்டது.

“என் பேரை அனுப்பிடுங்க சார்.”

“அப்பாடா! வீட்ல பேசிட்டியாம்மா? பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?”

“மீசைகிட்டயும் இதைக் கேட்டிருப்பீங்களா சார்?”

ஹாரன் வாயைத் திறந்தார். அந்த டிப்போ சரித்திரத்தில் முதல் முறையாகச் சத்தம் வரவில்லை. பிறகு சாதாரண மனிதர்கள் பேசுகிற குரலில், “கேட்டிருக்க மாட்டேன்,” என்றார். “போயிட்டு வா. நல்லா ஓட்டுவ.”

“தெரியும் சார்,” என்றாள்.

ஏற்பாடு என்ன என்று அவளுக்கே தெரியாது. தெரியாமல் ‘சரி’ சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அது உறுத்தும் என்று நினைத்தாள். கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஆனால் இறக்கத்தில் வண்டி முனகலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனபோது, பின்னால் இன்னொரு பெட்டி மடிந்து திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தோளில் அந்த நீளம் தெரிந்தது.

*

வண்டி நிறுத்தத்துக்கு வந்தபோது அவன் முன்னாலேயே வந்து காத்திருந்தான். சட்டைக் கையில் ஏதோ கறை. மேனேஜர் பொருந்தாத இரண்டு காலுறை போட்டிருந்தாள், ஒன்று பச்சை, ஒன்று கோடு போட்டது. ரிப்பன் இல்லை. ஒரு கையை அவன் பிடித்திருந்தான். இன்னொரு கை காதில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவள் கண் முதலில் காலுறைக்குத்தான் போனது. வாய் திறக்கவில்லை. அதை அவன் பார்த்துக்கொண்டான்.

“முதல்ல நான் ஒப்படைக்கறேன்,” என்றான் அவன். “கேட்டுக்கோங்க.”

‘கேட்டுக்கோங்க’ என்றதும் குடைக்காரர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“மருந்து விட்டாச்சு. புட்டி சில்லுன்னு இருந்தாத்தான் கத்தறா. அதை அக்குள்ல வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி ரெண்டு நடை நடந்துட்டு விட்டேன். சத்தமே இல்ல.”

“அக்குள்லயா?” என்றாள் பல் ஆஸ்பத்திரி அக்கா.

“புட்டி மூடிதாம்மா இருந்தது. அடுத்தது, சாப்பாடு. காரட்டைக் குடுத்தேன், தள்ளினா. ஏன்னு கேக்கல, பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். கடிச்சு மெல்றப்பத்தான் முகத்தைச் சுளிக்கறா. வலதுபக்கமா ஒதுக்கி ஒதுக்கி மெல்றா. மெல்றப்ப காது வலிக்குது. அதனாலதான் மூணு நாளா தட்டைத் தள்ளியிருக்கா. பிடிவாதம் இல்ல. காரட்டை வேக வச்சு மசிச்சுக் குடுத்தேன், கிண்ணத்தை வழிச்சுட்டா. டாக்டருக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அப்படித்தான் இருக்குமாம், மருந்தை நிறுத்தாம விடணுமாம். சட்டையில இருக்கறது அந்தக் காரட்தான்.”

அவள் கை சாவியை இறுக்கியது. மிரட்டி ஊட்டிய கவளம் நினைவுக்கு வந்தது.

அவன் நிறுத்தவில்லை. “காலுறை. இந்தப் பச்சை உள்பக்கம் தையல் இல்லாதது, அதைத்தான் போட்டுக்குவேன்னா. ஜோடி கிடைக்கல, தேடணும், நான் தேடறேன். நீல சட்டை மூணும் சின்னதாப் போச்சு, எடுத்துத் தனியா வச்சிட்டேன். அப்புறம் திங்கட்கிழமையிலேருந்து. மீசைகிட்டப் பேசிட்டேன். அவர் என்னோட மதிய ஷிப்டை எடுத்துக்கறார், அவரோட பகல் ஷிப்ட் எனக்கு. காலையில இவளைக் கூட்டிக்கிட்டுப் பின்தெருவுல இருக்கற குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தேன். ரெண்டு பேரும் போய் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு சிவப்பு நாற்காலி இருக்கு. இவ அதுல உட்கார்ந்து அங்கே இருக்கறவங்களை எல்லாம் வேலை வாங்க ஆரம்பிச்சுட்டா. பாத்ரூம்ல கை உலர்த்தற மெஷின் போடற சத்தத்துக்கு மட்டும் பயந்தா. இவ வர்றப்ப அதை நிறுத்தி வைக்கறேன்னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் நானே கூட்டிக்கிட்டு வருவேன்.”

மூச்சு விட்டான்.

“கடைசியா ஒண்ணு. நீங்க அந்த வண்டியைக் கத்துக்கிட்டு வர்ற வரைக்கும் நீங்க இல்லாமலே இவ நல்லா இருப்பா. அவ்வளவுதான். திருப்பிச் சொல்லுங்க.”

வண்டிக்குள் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் படியில் நிமிர்ந்து நின்றாள். திருப்பிச் சொல்வதில் அவளும் கெட்டிதான். டிப்போவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

“மருந்து விட்டாச்சு. புட்டியைச் சூடாக்கிட்டு விடணும்,” என்றாள். “மெல்றப்ப வலிக்குது, பிடிவாதம் இல்ல. காரட்டை மசிச்சுக் குடுக்கணும். டாக்டர்கிட்டக் கேட்டாச்சு, மருந்தை நிறுத்தக் கூடாது. பச்சைக் காலுறை தையல் இல்லாதது, ஜோடியை நீங்க தேடணும். சோபாவுக்கு அடியில இருக்கு.”

“இருங்க, அது உங்க பக்கத்துத் தகவல்.”

“சேர்த்துக்கோங்க. நீல சட்டை மூணும் சின்னது. மீசை மதியம், நீங்க பகல். பின்தெரு காப்பகம், சிவப்பு நாற்காலி. கை உலர்த்தற மெஷின் சத்தத்துக்குப் பயம், நிறுத்தி வைப்பாங்க. சாயங்காலம் நீங்க கூட்டிக்கிட்டு வருவீங்க.” கையை நீட்டினாள். “குடுங்க பிள்ளையை.”

அவன் கொடுக்கவில்லை.

“ஒண்ணு விட்டுட்டீங்க.”

“எதை?”

“கடைசியா சொன்னதை.”

“எல்லாம் சொல்லிட்டேனே.”

“எனக்கே ஞாபகம் இருக்கே டிரைவரம்மா,” என்றாள் பல் ஆஸ்பத்திரி அக்கா.

அவளுக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு சொல் பிசகாமல் இருந்தது. அதைத்தான் கேட்கவேண்டும் என்று இத்தனை நாள் சண்டை போட்டாள், கேட்டும் ஆகிவிட்டது. தன் வாயால் சொல்ல வேண்டும் என்று வரும்போது அந்தச் சொல், வண்டியின் கடைசிக் கதவுபோல், முதல் அழுத்துக்கு மசியவில்லை. இன்னொரு தடவை அழுத்தினால் மசியும், அது தெரியும். காலையில் ஹாரனிடம் ‘தெரியும் சார்’ என்று சொன்னவள் அவள்தான். திங்கட்கிழமை போகப் போகிறவளும் அவள்தான்.

அவன் அவசரப்படுத்தவில்லை. குடைக்காரர் நேரத்தைப் பார்க்கவில்லை.

மேனேஜர் ஒருவர் மாற்றி ஒருவராக இரண்டு பேரையும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்த நடைபாதையில் நின்று பார்த்த வழக்கம், அவளுக்குத் தெரியாததா? அப்பாவின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, படியில் நிற்கிற அம்மாவை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

“அம்மா, நீ திருப்பிச் சொன்னாத்தான் நான் உன்கிட்ட வருவேன்.”